முடிவதற்கு முன்னால் போர்த்திய பொன்னாடை

'இந்த ஒரு காரியத்தை என்னைவிட ஒழுங்காகச் செய்ய ஆள் கிடையாது' என்று ஒவ்வொரு மனிதனுக்கும் ஏதாவது ஒன்றில் நம்பிக்கை இருக்கும். சிலருக்கு ரசம் வைப்பது. சிலருக்குக் குறுகலான சந்தில் காரை ரிவர்ஸ் எடுப்பது. எனக்குப் பொன்னாடை போர்த்துவது.

சிரிக்காதீர்கள். திருமுல்லைவாயலில் எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தெருவிளக்கை எரிய வைத்த லைன்மேன், மழைத் தண்ணீரை இறைத்துவிட்ட இன்ஜினியர், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், சும்மா அந்தப் பக்கம் வாக்கிங் போன ஓய்வுபெற்ற தாசில்தார் என்று என் கையால் சால்வை வாங்காத தோள் எங்கள் ஏரியாவில் குறைவு. வீட்டு பீரோவில் என் மனைவி கிரேஸின் புடவைகளுக்குக் கீழே சால்வைகள் எப்போதும் ஸ்டாக் இருக்கும். ("என் பொடவைக்கு இடமில்ல, ஊர்க்காரங்க தோளுக்கு மட்டும் இந்த வீட்ல இடம் இருக்கு" என்பாள்.)

போர்த்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேசியவர் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்து, ஜனங்கள் கைதட்டத் தொடங்குவதற்குள் நாம் மேடையில் நிற்க வேண்டும். தாமதித்தால் ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவருக்குப் போர்த்தினால் சலூனில் முடிவெட்டத் துண்டு கட்டிய மாதிரி இருக்கும். அந்த இடைவெளி ஒரு மூச்சு நேரம்தான். அதைப் பிடிப்பதற்கு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகக் கற்றுக்கொண்டேன். எங்கள் சங்கத் தலைவர் முனுசாமி அண்ணன் எல்லோரிடமும் சொல்வார்: "நம்ம சாமுவேலு சால்வைய கைல எட்த்துட்டான்னா, பேசிக்கினு கீறவன் தானா நிப்பாட்டிட்வான்."

அதைப் பாராட்டு என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கிரேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ஊசி குத்தும்போது மெல்லிசாக எதையாவது முனகுவாள். "வலிக்கவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. "வலிச்சுது, பாட்டு நல்லாருந்துச்சுன்னு பொறுத்துகிட்டேன்" என்று சொன்ன ஒரு லாரி டிரைவரும் உண்டு. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் அவள் பல வருடமாகப் பாடுகிறாள். நானும் அதில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் பாடகர் குழுத் தலைவர் என் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போய், என்னை நாற்காலி அடுக்கும் பொறுப்புக்கு உயர்த்தினார். அந்தப் பதவியில் இன்றுவரை இருக்கிறேன்.

சிட்டியில் ஒரு பெரிய பாடகர் குழு. முழு ஆர்கெஸ்ட்ராவோடு மேற்கத்திய சாஸ்திரிய இசை பாடுகிறவர்கள். ஆர்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண வீட்டில் கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக்கொண்டு நேயர் விருப்பம் பாடுவார்களே, அது இல்லை. வயலின்களே ஒரு பள்ளிக்கூட வகுப்பு அளவுக்கு இருக்கும். அந்தக் குழுவுக்குக் கிரேஸ் குரல் சோதனைக்குப் போய், தேர்வாகி, ஒவ்வொரு சனிக்கிழமையும் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்துப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே எல்லோரும் ஐந்து கோடு போட்டு மொட்டு மொட்டாக எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடுகிறவர்கள். கிரேஸுக்குத் தெரிந்ததோ சர்ச்சில் கற்றுக்கொண்ட 'டோ ரே மீ'. அதனால் அந்த மொட்டுகளை எல்லாம் உட்கார்ந்து டோ ரே மீயாக மாற்றி எழுதிக்கொள்வாள். லத்தீன் வார்த்தைகளுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு. பார்த்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"கடைசிப் பாகத்துல ஒரு இடம் வருதுங்க. எல்லாரும் முழு சத்தத்துல பாடி நிப்பாட்டிடுவோம். அப்புறம் ஒருத்தி மட்டும் தனியாப் பாடணும். வாத்தியம் எதுவும் கிடையாது. அத மாஸ்டர் எனக்குக் குடுத்திருக்காரு."

பால் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் தோசை கருகியது. எங்கள் வீட்டில் அதற்கு முன் தோசை கருகியதில்லை.

மாஸ்டர் என்றால் இசையை நடத்துகிறவர், கையில் சின்னக் குச்சியோடு நிற்பவர். அவர் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். அந்த ஒரு வரி சரியாக வந்துவிட்டால் அடுத்த வருடம் தனிப்பாடல் பகுதி முழுவதும் கிரேஸுக்கு. தடுமாறினால் அது நான்சி மேடத்துக்குப் போய்விடும், வருத்தப்படக் கூடாது. நான்சி மேடம் அதே குழுவில் பாடுகிறவர். பியானோவில் இருக்கிற பரீட்சை எல்லாம் எழுதி முடித்தவர்.

"என்னால முடியுமாங்க?" என்று கேட்டாள். வாழ்க்கையில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே கிடையாது. நான்தான் கேட்பேன். நான் கருகிய தோசையை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "முடியும்" என்றேன்.

கச்சேரி நடக்கவேண்டிய சிட்டி ஹாலில் ஏதோ ரிப்பேர் வேலை என்று, பூந்தமல்லி தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் அரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இசையே எங்கள் பக்கம் பஸ் பிடித்து வருகிறது! சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வேன் பேசினேன். கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, சந்தோஷம். ஆனா ஒண்ணு. எனக்குச் சால்வை கீல்வை போத்தக் கூடாது."

"உனக்குப் போத்த மாட்டேன். சத்தியம்."

அந்த 'உனக்கு' என்ற சொல்லை அவள் கவனித்திருக்க வேண்டும். பதற்றத்தில் விட்டுவிட்டாள். என் கணக்கு வேறு. மாஸ்டருக்குப் போர்த்துவதைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லையே! ஒரு மனிதருக்கு ஊர் முன்னால் நல்ல சரிகைச் சால்வையாகப் போர்த்திவிட்டால், பிறகு அவர் போர்த்தியவனின் மனைவியிடமிருந்து பாட்டைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுப்பாரா? கண் நிமிராது. இதை நான் எங்கள் வார்டிலேயே பல தடவை பரிசோதித்துப் பார்த்திருக்கிறேன். சாக்கடை அடைப்பு எடுத்ததே அப்படித்தான்.

பீரோவிலேயே உயர்ந்ததாக, மெரூன் கலரில் அகலச் சரிகை போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேன் கிளம்பியது. எங்கள் மகள் ஜெனி அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. ஆபீஸிலிருந்து நேராக ஸ்கூட்டியில் வந்துவிடுவதாகச் சொல்லி, எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதை வேனில் எல்லோருக்கும் சத்தமாகப் போட்டுக் காட்டினேன்.

"அப்பா, நடுவுல நடுவுல நிறுத்துவாங்க. அது ஒரு பாகம் முடிஞ்சு அடுத்த பாகம். அப்ப கைதட்டக் கூடாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தட்டணும். தயவுசெஞ்சு முனுசாமி அங்கிள்கிட்ட சொல்லுங்க."

முனுசாமி அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னா நைனா இது? பாடறவங்க பாடிக்கினே கீறாங்க, நாம கைய கட்டிக்கினு குந்தியிருந்தா இன்னா நெனப்பாங்க? தூங்கிட்டானுங்கோன்னுதான நெனப்பாங்க?"

"தலைவரே, அவங்க வழக்கம் அது."

"சரி. எங்களுக்கு அது முட்ஞ்சுதா முடிலையான்னு இன்னா தெரியும்? நீதான் சர்ச்சு ஆளு. நீ எப்ப எய்ந்து நிக்கிறியோ, அப்ப நாங்க தட்றோம். இன்னா, எல்லாருக்கும் புர்ஞ்சுதா?"

வேன் முழுவதும் "புரிஞ்சுது" என்றது. கரையான்சாவடி சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்குக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அரங்கத்தில் முன்வரிசை காலியாக இருந்தது. யாரோ பெரிய மனிதர்களுக்காக விட்டுவைத்திருப்பார்கள் போல. நாங்கள் போய் உட்கார்ந்தோம். வெள்ளைச் சட்டை, மடியில் பொன்னாடைப் பை. யார் எங்களை எழுப்புவார்கள்? ஜெனி தாமதமாக வந்து எங்கோ பின்னால் உட்கார்ந்து கையை ஆட்டினாள்.

மேடையைப் பார்த்தேன். வயலின்கள், ஆள் உயரத்தில், நின்றபடி வாசிக்கிற பெரிய வயலின்கள், பித்தளைக் குழல்கள், பிரியாணி அண்டாவுக்குத் தோல் கட்டியது போன்ற செப்பு முரசுகள். அவற்றுக்குப் பின்னால் படிபடியாகப் பாடகர்கள், எல்லோரும் கறுப்பு உடையில். இரண்டாம் படியில் கிரேஸ். கடற்கரையில் தொலைந்துபோன பிள்ளையைக் கண்டுபிடிக்கிறவன் மாதிரி அவளைக் கண்டுபிடித்தேன்.

முதலில் எல்லா வாத்தியக்காரர்களும் ஒரே ஸ்வரத்தை வைத்துக்கொண்டு ஸ்ருதி சேர்த்தார்கள். முனுசாமி அண்ணன் என் காதருகே குனிந்து, "டியூன் நல்லாத்தான் கீது. இன்னும் கொஞ்சம் மாத்தி மாத்திப் போட்ருக்கலாம்" என்றார். அதற்குள் மாஸ்டர் வந்து எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு சின்னப் பலகை மேல் ஏறினார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? எனக்கு இசை தெரியாது. ஆனால் அத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சு இழுக்கிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அதைத் தொடர்ந்து வந்த பாட்டு நாற்காலிக்கு அடியிலிருந்து கிளம்பி வந்தது போல இருந்தது. லேத் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், எல்லா மெஷினும் ஒரே கதியில் ஓடும்போது தரை லேசாக அதிரும். நெஞ்சுக்கு இதமாக இருக்கும். அந்த மாதிரி. முனுசாமி அண்ணன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். யாருமே கைதட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஆட்கள்!

பாகங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஆனால் நடுவில் ஒரு பாகம் நிற்கப்போகிறதா இல்லையா என்று தெரியாமலே வழுக்கிக்கொண்டு அடுத்த பாகத்துக்குள் போய்விட்டது. ஒன்றா, இரண்டா? அங்கே என் கணக்கு குழம்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: ஒரு கட்டத்தில் பித்தளைக் குழல்கள் எழுந்தன, பிரியாணி அண்டாக்கள் இடித்தன, பாடகர்கள் அத்தனை பேரும் அரங்கத்தின் கூரையைத் தூக்கிவிடுகிற மாதிரி ஒரே வார்த்தையை முழங்கினார்கள். நிறுத்தினார்கள்.

நிசப்தம்.

மாஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி அசையாமல் நின்றார்.

இதைவிடப் பெரிய முடிவு உலகத்தில் உண்டா? நீங்களே சொல்லுங்கள். (கிரேஸின் தனி வரி இன்னும் வரவில்லையே என்று அப்போது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் சத்தத்தில் அவள் பாடியது எனக்குக் கேட்காமல் போய்விட்டது என்று நினைத்தேன். 'அடப்பாவமே, அவள் வரி அமுங்கிவிட்டதே' என்று மனது அடித்துக்கொண்டது. சால்வையின் அவசரம் இன்னும் கூடியது.)

கைதட்டல் தொடங்குவதற்குள் மேடையில் இருக்க வேண்டும். கால் தானாக எழுந்தது.

ஓரத்துப் படியில் ஏறினேன். என்னை ஒருவராவது தடுத்திருக்கலாம். ஆனால் அனுபவம் உள்ளவனின் நடையே வேறு. படியருகே நின்ற காலேஜ் ஊழியர் ஒருவர் எனக்கு வழிவிட்டு லேசாகத் தலையும் குனிந்தார். பெரிய வயலின்களைத் தாண்டி, குழல்காரர்களின் முழங்கால்களைத் தாண்டி, மாஸ்டருக்குப் பின்னால் போய் நின்றேன். வாத்தியக்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மரியாதை என்று நினைத்தேன். ஒரு வயலின் பெண்மணி கண்களை அகல விரித்துத் தலையை இடதும் வலதுமாக மெல்ல ஆட்டினாள். ரசிக்கிறாள் என்று நினைத்தேன்.

சால்வையைக் கவரிலிருந்து எடுத்தேன். அந்தப் பிளாஸ்டிக் கவர் அத்தனை சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் விழாக்களில் எப்போதும் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கும், தெரியாது. அந்த நிசப்தத்தில் அது ஓலைக் கொட்டகை பற்றி எரிகிற மாதிரி கேட்டது. விரித்தேன். முன்பக்கம் போக இசைக்குறிப்பு ஸ்டாண்டு தடுத்தது. அதனால் பின்னாலிருந்து, உயர்த்தியிருந்த இரண்டு கைகளுக்கும் மேலாக, அகலச் சரிகை வெளியே தெரிகிற மாதிரி போர்த்தினேன்.

மாஸ்டர் அதுவரை கண்களை மூடிக்கொண்டிருந்தார். மேலே ஏதோ விழுந்ததும் பாவம், திடுக்கிட்டுக் கைகளைக் கீழே போட்டார். கை கீழே வந்ததைப் பார்த்த முரசுக்காரர், தன் பிழைப்பு அதுதானே, ஓங்கி ஒரு 'தொம்' கொடுத்தார்.

முன்வரிசை அதற்காகவே காத்திருந்தது. வேன் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. முனுசாமி அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து, திருவிழாவில் கேட்கிற மாதிரி ஒரு விசில் அடித்தார்.

அந்த அரங்கத்தின் ஒலியமைப்பு அருமையானது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அதை மைக் இல்லாமலே நிரூபித்தது என் மகள்தான். கடைசி வரிசைக்குப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது:

"அப்பா! இன்னும் முடியல!"

அடுப்பை அணைத்ததும் பொங்கின பால் அடங்குமே, அப்படிக் கைதட்டல் அடங்கியது. மறுபடியும் நிசப்தம், ஆனால் இது வேறு ஜாதி நிசப்தம். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய குச்சி சரிகையைக் குத்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தது. அவர் தோளுக்கு மேலே, படியில், கிரேஸை அப்போதுதான் பார்த்தேன். மற்றவர்களைவிட ஓர் அடி முன்னால் வந்து நின்றிருந்தாள். கையில் காகிதம் இல்லை. பாடுவதற்கு மூச்சு இழுத்தவள் அதை விடவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய வரி அமுங்கவில்லை. இனிமேல்தான் வரவேண்டும். இந்த நிசப்தத்திலிருந்துதான் வரவேண்டும். அதன் நடுவில் நான் ஏறி வந்து, கவர் கிழித்து, முரசு அடிக்கவைத்து, விசிலும் அடிக்கவைத்திருந்தேன்.

உடம்பிலிருந்து ரத்தம் முழுவதும் செருப்புக்குள் இறங்கிவிட்டது. ஓடிவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கினேன். மேடைப் பலகை 'கிரீச்' என்றது. பக்கத்தில் பெரிய வயலினோடு நின்றிருந்தவர் உதடு அசையாமல் சொன்னார்: "சார், அப்படியே நில்லுங்க. மூச்சுகூட விடாதீங்க."

நின்றேன்.

இப்போது அவள் எந்த ஸ்வரத்தில் தொடங்குவாள்? அதற்கு முந்தைய முழக்கம்தான் அவளுக்குக் கைப்பிடி. அது எப்போதோ காற்றில் கரைந்துபோய், அதன்மேல் எங்கள் வேன் ஏறிவிட்டது. வாத்தியக்காரர்கள் அத்தனை பேர் முகத்திலும் அந்தக் கேள்வி எழுதியிருந்தது. கிரேஸுக்குப் பக்கத்தில் நின்ற நான்சி மேடம், உதவி செய்ய நினைத்தாரோ என்னவோ, வாயைத் திறந்து, எந்த ஸ்வரம் என்று தெரியாமல் மூடிக்கொண்டார். மாஸ்டர், தோளில் சால்வையோடு, கிரேஸைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். 'உன்னால் முடிந்தால்' என்கிற தலையசைப்பு.

கிரேஸ் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினாள். பாடினாள்.

எங்கள் சமையலறையில் நான் தினமும் கேட்ட வரிதான். ஆனால் அங்கே குக்கர் இருக்கும், மிக்ஸி இருக்கும், தெருவில் காய்கறி வண்டி போகும். இங்கே ஒன்றும் இல்லை. ஒரு குரல் மட்டும். கீழே ஆழத்தில் தொடங்கி, அவசரமே இல்லாமல், படி ஏறுகிற மாதிரி ஏறியது. மேலே போய் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தில்தான் வயலின்கள் அவள் குரலுக்கு அடியில் வந்து சேர வேண்டும். அவள் ஒரு நூல் இறங்கியிருந்தாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும், பொத்தானை மாற்றிப் போட்ட சட்டை கடைசிப் பொத்தானில் காட்டிக்கொடுப்பதைப் போல.

மாஸ்டர் சரிகைக்குள்ளிருந்து கையைத் தூக்கினார். வயலின்கள் வந்தன.

பொருந்தியது. அப்படிப் பொருந்தியது! பக்கத்திலிருந்தவர் வில்லை இழுத்துக்கொண்டே "அப்பாடா" என்றது எனக்குக் கேட்டது. எனக்கு அவர்மேல் சாய்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அழவில்லை.

மீதிக் கச்சேரி முழுவதும் நான் மேடையில்தான் நின்றேன். இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, மாஸ்டருக்குப் பின்னால், பெரிய வயலின்களை ஒட்டி, ஏதோ வாத்தியத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்த கலைஞன் மாதிரி. ஜெனியின் தோழி ஒருத்தி எடுத்த போட்டோ இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால், "இவர் என்ன வாசிக்கிறார்?" என்று கேட்பார்கள்.

உண்மையாகவே முடிந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. கைதட்டல் மழை. மாஸ்டர் திரும்பி, மெரூன் சால்வையோடு குனிந்து வணங்கினார். ஒரே ஒரு வரிசை மட்டும் கைகட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. எங்கள் முன்வரிசை. நான் மேடையிலிருந்து கண்ணைக் காட்டினேன், புருவத்தைத் தூக்கினேன், கடைசியில் கையையே ஆட்டினேன். முனுசாமி அண்ணன் அங்கிருந்தே தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கேட்டதற்கு, "ஒரு தபா ஏமாந்தது போதும் நைனா. இன்னொரு தபா நீ சொல்றத நம்பறதுக்கு நான் ரெடியா இல்ல" என்றார்.

மேடைக்குப் பின்னால் போனோம். மாஸ்டர் சால்வையை ஒழுங்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். என்னை விட்டுவிட்டுக் கிரேஸிடம் போனார்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த ஸ்வரத்த எங்கேருந்து எடுத்தீங்க? டிரம், விசில் எல்லாம் கேட்டப்புறம் எனக்கே மறந்துபோச்சு."

கிரேஸ் கொஞ்சம் தயங்கினாள். "பழக்கம்தான் சார். வீட்ல சமைச்சுகிட்டே பாடுவேன். இந்த இடத்துல நான் நிப்பாட்டினதும், முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு இவரு ஏதாவது கேப்பாரு. கேஸ் புக் பண்ணியா, முனுசாமி அண்ணன் போன் பண்ணாரா, என் மூக்குக் கண்ணாடி எங்கன்னு. தெனமும். பதில் சொல்லிகிட்டே ஸ்ருதிய உள்ளுக்குள்ள பிடிச்சு வெச்சிருப்பேன். இன்னிக்குப் பதில் சொல்ற வேலை இல்லல்ல? சுலபமா இருந்துச்சு."

மாஸ்டர் அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தார். நான்சி மேடம் கிரேஸுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தபடி சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு வீட்ல வாயே தெறக்க மாட்டாரு. அதான் எனக்கு இதெல்லாம் வரல."

பிறகு மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "சார், சால்வை நல்லாருக்கு. ஏ.சி. ஹால்ல எனக்குத் தோள் வலிக்கும். நான் வெச்சுக்கறேன். அடுத்த வருஷம் உங்க மிஸஸ்தான் சோலோ. நீங்க கண்டிப்பா வரணும். ஆனா சீட்ட நான்தான் சொல்வேன்."

வேனில் கிரேஸ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. வண்டி பருத்திப்பட்டு தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள்.

"எனக்குப் போத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க."

அதற்கு மேல் அவளால் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரித்துவிட்டாள். வேனே சிரித்தது. முனுசாமி அண்ணன் மட்டும் சிரிக்காமல் முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"கிரேஸம்மா, அது இன்னா பாஷைன்னே எனக்குத் தெரியாது. ஆனா நீ பாடறப்போ யாரையோ கூப்புட்ற மாதிரி இருந்துச்சும்மா. யாரா இருந்தாலும் சரி, எங்க கீறானோ அங்கேர்ந்து எய்ந்து வந்துட்வான். ஒடம்பே சிலுத்துப்போச்சு எனக்கு."

சங்க மேடைகளில் எத்தனையோ பாராட்டுரை கேட்டிருக்கிறேன், பாதியை நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை யாரும் பேசிக் கேட்டதில்லை.

அந்த நாளிலிருந்து ஜெனி கத்திய வாக்கியம் எங்கள் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கிரேஸ் என்னைத் திட்டும்போது மூச்சு வாங்க நிறுத்துவாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பேன். "அப்பா, இன்னும் முடியல" என்பாள் ஜெனி. சர்ச்சில் போதகர் நீண்ட ஜெபத்தின் நடுவே கொஞ்சம் நிறுத்தினால், பின்வரிசையில் யாராவது என் முழங்கையைத் தொடுவார்கள். சங்கக் கூட்டத்தில் நான் நன்றியுரைக்கு எழுந்தால், முனுசாமி அண்ணன், "குந்து நைனா, இன்னும் முடில" என்பார். முடிந்தே போயிருந்தாலும் சொல்வார்.

அடுத்த வருடமும் அதே காலேஜ் அரங்கம். கிரேஸ் இந்தத் தடவை பாடகர்களோடு படியில் இல்லை. முன்னால், மாஸ்டருக்குப் பக்கத்தில், தனி நாற்காலியில். மாஸ்டர் எனக்கு ஒதுக்கிய இடம் நட்டநடு வரிசையில் நட்டநடு நாற்காலி. எந்தப் பக்கம் வெளியே போவதானாலும் ஒரு ஊரையே எழுப்ப வேண்டும். ஒரு பக்கம் ஜெனி. மறுபக்கம் ஆல்வின் என்று கொரட்டூர்ப் பையன், ஜெனியோடு வேலை பார்க்கிறவன். "இவனத்தான் கட்டிக்கப் போறேன்" என்று அவள் சொல்லி, நாங்கள் இன்னும் "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம். ஒழுங்கான பையன்தான். ஆனால் என்னிடம் பேசினால் ஆபீஸில் மேனேஜரிடம் பேசுகிற மாதிரி, எதற்கெடுத்தாலும் "எஸ் சார்", "ஓகே சார்". வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில்தான் உட்காருவான்.

கிரேஸ் எழுந்து நின்று பாடினாள். போன வருடம் ஒரு வரி. இந்த வருடம் பக்கம் பக்கமாக. ஒரு இடத்தில் எல்லாம் நின்றது. மாஸ்டரின் கைகள் மேலே. நிசப்தம். மேடையில் இருந்த வாத்தியக்காரர்களில் பாதிப்பேர், சத்தியமாகச் சொல்கிறேன், ஓரக்கண்ணால் என்னைத் தேடினார்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்ச்சீப் எடுக்கக் கையைப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோய், நாற்காலியில் லேசாக எழும்பினேன்.

ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"மாமா," என்றான் ஆல்வின், மூச்சுக்குள். "இன்னும் முடியல."

கர்ச்சீப்பை விட்டுவிட்டேன். கையையும் அவனிடமே விட்டுவிட்டேன். மேடையில் கிரேஸ் மூச்சை இழுத்தாள்.